வாழைமரத்தைத் தாண்டிய அம்பு

1991ஆம் ஆண்டின் விஜயதசமி நெருங்க நெருங்க, பரசுராமன் வில்லையே சுற்றிச் சுற்றி வந்தான். அன்று சேரப்பணஞ்சேரியில் சாமி வேட்டைக்கு எழுந்தருளும். சாமிக்காக வாழைமரத்தின் மீது மூன்று அம்புகள் எய்யும் உரிமை அவன் குடும்பத்திற்கு உரியது. ஆயினும், கடந்த ஈராண்டுகளாக ஓர் அம்பேனும் மரத்தைத் தீண்டவில்லை. இம்முறை முதல் அம்பு தவறினால், வில் அவனுடைய பங்காளி சுப்பராயனிடம் போய்விடும் என்று தர்மகர்த்தா நரசிம்மன் கண்டிப்பாகக் கூறிவிட்டார்.

ஸ்ரீபெரும்புதூர்ச் சாலைத் தொழிற்சாலையொன்றில் கனத்த இரும்பு அச்சுகளைச் சங்கிலியால் இழுத்து உயர்த்துவது பரசுராமனின் வேலை. ஆனால் உலக்கை போன்ற அந்தக் கைகள் எய்த அம்பு மட்டும் ஒவ்வொரு முறையும் கோணலாகப் போயிற்று.

கொல்லையில் வைக்கோற்போரைக் குறிவைத்து எய்து பழக அவன் படும் பாட்டைக் கண்ட மனைவி மரகதம், சாணிக்கூடையை இறக்கி வைத்தாள்.

"மாமா, கம்பெனில சங்கிலிய கையாலயா இழுக்குற?"

"கையால இழுத்தா தோளு கழண்டுக்கும். முதுகாலதான்."

"அப்ப இங்க மட்டும் இன்னாத்துக்கு கையோட மல்லுக்கு நிக்குற?"

அவள் தன் கட்டைவிரலை அவனுடைய தோள்பட்டை எலும்புகளின் நடுவே வைத்தாள்.

"ரெண்டு எலும்பும் என் வெரல நசுக்கணும். நசுக்கிக்கினே இரு. அம்பு தானா போவும், நீயா வுடாத."

நசுக்கினான். கை வெறும் கொக்கியாயிற்று. முதுகு இறுகிக்கொண்டே சென்றது. எதிர்பாராத கணத்தில் நாண் விரல்களை விட்டு நழுவ, அவன் திடுக்கிட்டான். அம்பு வைக்கோற்போரில், குறித்த இடத்திலேயே தைத்திருந்தது.

விஜயதசமி மாலை வந்தது. அம்பு படும் கணத்தில் மேளம் முழங்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஆகையால் தவில்காரர் மண்ணாங்கட்டி, அம்பு படுவதைக் கிட்டத்திலிருந்து கவனிக்க, வாழைமரத்திற்கு நேர் பின்னால் நின்றார். எவருடைய அம்பும் மரப்பட்டைக்கு அப்பால் சென்றதாக ஊரில் பேச்சே இல்லை.

பரசுராமன் முதுகால் இழுத்தான். நாண் தானாக நழுவியது. அம்பு வாழைத்தண்டை ஊடுருவி, தவிலின் மரக்கூட்டில் 'டொக்' என்று தைத்து நின்றது.

பரசுராமனின் கையிலிருந்து வில் விழுந்தது. மண்ணாங்கட்டி அம்பைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், மறுபடியும் அம்பைப் பார்த்தார்.

"அம்பு மரத்துல நிக்கலியே," என்றான் சுப்பராயன், உலர்ந்த குரலில்.

"என் வவுத்துல நின்னுருந்தா ஒத்துக்குவியா?" என்றார் மண்ணாங்கட்டி.

நரசிம்மன் மரத்தின் துளையில் சுண்டுவிரலை விட்டார். பின்புறம் சுற்றிச் சென்று அங்கும் விட்டார்.

"முன்னாடியும் ஓட்ட கீது, பின்னாடியும் கீது. பட்டுச்சு. வில்லு பரசுராமனுக்குத்தான்." குனிந்து வில்லை எடுத்து நீட்டினார். "இன்னும் ரெண்டு அம்பு பாக்கி கீதுப்பா."

மரத்திற்குப் பின்னால் நின்றோர் அனைவரும் விலகினர். சாமியைச் சுமந்தோரும் சாமியோடு கோயில் மதில் வரை பின்வாங்கினர்.