அட்மின் பரிவட்டம்

சின்னதுரை சத்தியம் செய்வதற்காகக் கந்தசாமி அண்ணன் வாங்கி வந்த கற்பூரத்தைக் கொளுத்தினால் வெள்ளிமலை உச்சி வரைக்கும் வெளிச்சம் தெரியும். அவ்வளவு கற்பூரம். ஞாயிற்றுக்கிழமை காலை, மலையடிவாரத்தில் எங்கள் குலதெய்வம் பச்சையம்மன் கோயில் வாசலில் பங்காளிகள் ஒன்பது வீட்டாரும் கூடியிருந்தோம். சின்னதுரை என் சித்தப்பா மகன். கரும்பு வெட்டுகிறவன். தலைக்குக் குளித்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஈர வேட்டியோடு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான். அம்மன் காணிக்கையை மடைமாற்றிவிட்டான் என்று அவன்மேல் பழி. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டால் பழி தீர்ந்துவிடும். ஆனால் சத்தியம் வாங்கியவர்கள் வீட்டில் அவன் குடும்பம் அதன்பிறகு கை நனைக்காது. நல்லது கெட்டது எதற்கும் வராது. ஒன்பது வீடு எட்டு வீடாகிவிடும்.

இத்தனைக்கும் திருட்டு நடந்த இடம் கோயில்கூட இல்லை, கோயிலின் வெப்சைட். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போன எங்கள் சனம் இருந்த இடத்திலிருந்தே ஆத்தாளைப் பார்க்கட்டும், காணிக்கை போடட்டும் என்று ஆரம்பித்தது. அதில் மாற்றம் செய்கிறவருக்கு அட்மின் என்று பெயராம். யார் அட்மின்? திருவிழாவில் முதல் பரிவட்டம் யார் தலையில் கட்டுவது என்பதற்கே எங்கள் தாத்தாக்கள் கோர்ட்டுக்குப் போனவர்கள். பேச்சு மூன்று அமாவாசை ஓடியது. நான் மலைப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கொண்டை ஊசி வளைவில் நின்றபடி டிக்கெட் கிழித்தே இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துபோனவன். அந்த வளைவுகளில்கூட எனக்கு அப்படித் தலை சுற்றியதில்லை. கடைசியில் ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது அட்மின் என்று முடிவானது. பாஸ்வேர்டிலும் ஒருவர் உசத்தி, ஒருவர் தாழ்த்தி என்று வந்துவிடக் கூடாதல்லவா? உள்ளே போக ஆளுக்கொரு பெயர், ஆனால் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஆத்தா பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று.

போன மாதம் பெங்களூரில் கொத்து வேலை செய்யும் எங்கள் ஆள் ஒருவன் காணிக்கை போட ஸ்கேன் செய்திருக்கிறான். அம்மன் அறக்கட்டளை என்று வரவேண்டிய இடத்தில் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் பெயர் வந்திருக்கிறது. கியூஆர் கோடு படத்தையே மாற்றிவிட்டிருந்தார்கள். யார் மாற்றியது என்று உள்ளே போய்ப் பார்த்தால், சின்னதுரை என்று இருந்தது. வேறு வீட்டுப் பெயராக இருந்திருந்தால் ஏதோ மிஷின் கோளாறு என்று சொல்லியிருப்போம். எங்களில் தகரக் கூரை அவன் வீடு ஒன்றுதான். அதனால் யாரும் மிஷினைச் சந்தேகப்படவில்லை. வருகிற ஞாயிறு அவன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யட்டும் என்று கூட்டத்தில் முடிவானது.

"அந்தப் புள்ள போன்ல நெம்பர் போடறதுக்கே என் கிட்ட வந்து நிக்குது. அது படத்த மாத்துச்சாம், நீங்க கேட்டுக்கினு வந்தீங்களாம்" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி ரங்கம்மாள் அன்று இரவு சோற்றைத் தட்டில் போட்ட வேகத்தில் தட்டு கள்ளக்குறிச்சி தாண்டியிருக்கும். மறுநாளே நான் டவுனுக்கு பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பைசல், எங்கள் பாஸ்வேர்டைக் கேட்டதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"மாமா, இது பூட்டு இல்ல. வாசல்ல கட்டுன மாவிலைத் தோரணம். எவன் வேணா தள்ளிக்கினு உள்ள வரலாம்."

"எவன் வந்தான்னு தெரியுமா?"

"ரஷ்யாக்காரனா ராசிபுரத்துக்காரனான்னு சொல்ல முடியாது. ஆனா சின்னதுரைன்னு பேரு இருக்கறதால சின்னதுரை மாமாதான் வந்தாருன்னு ஆயிடாது. அந்தப் பேருல யாரு வேணா வந்திருக்கலாம். அப்டேட் போடச் சொல்லி உள்ள எத்தினி தடவ கேட்டிருக்குது பாருங்க. ஒருத்தராவது போட்டீங்களா?"

ஒன்பது பேரும் மற்ற எட்டுப் பேர் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறோம். பைசல் காணிக்கைப் பக்கத்தை அப்போதே மூடினான். மொத்தத்துக்கும் ஒரு நகல் எடுத்து வைத்தான். பாஸ்வேர்டுகளையும் மாற்றப் போனவனை, ஞாயிறு மதியம் வரைக்கும் பொறு என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். வீடு எரியும்போது பீடிக்கு நெருப்புக் கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான்.

ஞாயிறு காலை கந்தசாமி அண்ணன் கற்பூரத்தைத் தட்டில் கொட்டியபோது, நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று போனைத் தட்டிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் முன்னால் வந்தேன்.

"அண்ணே, அதக் கொளுத்தறதுக்கு முந்தி நம்ம வெப்சைட்ட ஒரு வாட்டி பாத்துடு."

கந்தசாமி அண்ணன் இரண்டு டிராக்டருக்குச் சொந்தக்காரர். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதே ஒரு விசேஷம்போல நடக்கும். பார்த்தார். முதல் பக்கத்தில் ஆத்தா இருந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கிடா தாடியோடு நின்றிருந்தது. ஆத்தா மன்னிப்பாள், அவளுக்கும் கிடா என்றால் பிடிக்கும்.

"இன்னாடா இது அக்குருமம்? எவன்டா வெச்சான்?"

"உள்ள போய்ப் பாரு. மாத்தினவர் கந்தசாமின்னு போட்டிருக்குது."

"நான் இங்க உன் கண்ணு முன்னாடி நின்னுக்கினு இருக்கேன்டா."

"அவனும் அன்னிக்குக் காட்டுல கரும்பு வெட்டிக்கினுதான் இருந்தான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு தானாக நின்றுவிட்டது. கந்தசாமி அண்ணன் கிடாவையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அடுத்து யாரு பேருல போவட்டும்?" என்றேன் நான். "ஒம்பது பேரையும் திருடனாக்கறதுக்கு எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். கற்பூரம் வேணுங்கற அளவு இருக்குது, வரிசையா அடிப்போம்." அவர் தட்டை எடுத்துக் கோயிலுக்குள் வைத்துவிட்டு வந்தார்.

சின்னதுரைதான் பேசினான். என்னைப் பார்த்துக்கூட இல்லை, தரையைப் பார்த்து.

"இத்த மிஷின வெச்சுத்தான் நிரூபிக்கணுமா? நான் செய்யலன்னு சொன்னேனே. அது பத்தலியா உங்களுக்கு?"

ஒரு கேள்விக்குப் பத்து பதில் வைத்திருக்கிற நான், போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மதியம் பைசல் வந்தான். முதல் வேலையாகக் கிடாவை இறக்கி ஆத்தாளை ஏற்றினான். சரியான கியூஆர் கோடைப் போட்டு, கோயில் சுவரில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு குண்டைப் போட்டான். இனிமேல் ஒரே ஒரு அட்மின்தான், மற்றவர்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது. அவ்வளவுதான், தாத்தாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வந்துவிட்டார்கள். மூத்தவன் நான் என்றார் கந்தசாமி அண்ணன். எங்கள் தாத்தாதான் கர்ப்பக்கிரகம் கட்டினார் என்றது இன்னொரு வீடு. அந்தக் கூச்சலில் வேப்பம்பழமெல்லாம் உதிர்ந்தது. அப்போதுதான் பைசலை ஓரமாகக் கூப்பிட்டு, பூட்டு ஒன்றுக்குச் சாவி இரண்டு போட முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றான். கூட்டத்தில் நான் சொன்ன ஏற்பாடு இதுதான்: பாஸ்வேர்டு, மூத்தவர் கந்தசாமி அண்ணன் மனசில். அது போட்டதும் இன்னொரு ஆறு இலக்க எண் கேட்கும். அந்த எண் சின்னதுரை போனில் மட்டும் வரும், அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்.

"எனக்கு வேணாம்" என்றான் சின்னதுரை. "நாளைக்கு இன்னொண்ணு காணாமப் போச்சுன்னா மறுபடியும் என்னத்தான் கேப்பாங்க."

"இனிமே நீங்க நெம்பர் குடுக்காம ஒருத்தரும் உள்ள போவ முடியாது மாமா" என்றான் பைசல். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. போன்ல கேட்டா சொல்லவே கூடாது. கந்தசாமி மாமா கொரலாவே இருந்தாலும் சொல்லாதீங்க, இப்பல்லாம் கொரலையே செஞ்சுடறானுங்க. நேர்ல வந்து கேட்டாத்தான்."

சின்னதுரை மடியிலிருந்து போனை எடுத்து அவனிடம் கொடுத்தான்.

ஆடித் திருவிழா தேதி குறித்தாயிற்று. வெப்சைட்டில் போட வேண்டும். கந்தசாமி அண்ணன் இரண்டு நாள் போனில் கேட்டுப் பார்த்திருக்கிறார். சின்னதுரை போனை வைத்துவிட்டானாம். மூன்றாம் நாள் புதன்கிழமை, வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கரும்புக் காட்டுக்கே கிளம்பினார். இந்தக் காட்சியை விட்டுவிடுவேனா, பின்னாலேயே நானும் போனேன். சின்னதுரை வரப்பில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். கைகழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு போனைத் திறந்து மடியில் வைத்தான்.

"தேதி போடணும்பா" என்றார் கந்தசாமி அண்ணன்.

அவன் தலை நிமிரவில்லை. எண் மாறியது. சருகுமேல் வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் அண்ணன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கொண்டுவர மறந்திருந்தார். மடியில் இருந்த வெளிச்சத்தை நோக்கிக் குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, சின்னதுரை வாய் திறப்பதற்காகக் காத்திருந்தார். எண் இன்னொரு முறை மாறியது.