சிணுங்கினால் வருபவர்

அமரர் ஊர்தி வந்துவிட்டது என்று வாசலில் யாரோ சொன்னபோது, அவள் அறை அறையாகக் குழந்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். விடிகாலையில் பேருந்து ஓட்டக் கிளம்பியவர், காலணி மாட்டக் குனிந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார்.

படுக்கையறை உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். கணவனின் அக்கா கதவைப் பாதி திறந்தாள்.

"குழந்தை இங்கதான் இருக்கு. நீ போ."

"ஏன் அண்ணி கதவைச் சாத்துனீங்க?"

"இல்ல, நீ இருக்கிற நிலைமையில..." அண்ணி முடிக்கவில்லை.

முடிக்க வேண்டியதும் இல்லை. பிரசவமான புதிதில் அவள் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்ததை எல்லோரும் அறிவார்கள். குழந்தை வீறிட்டாலும் திரும்பமாட்டாள். "பெத்தவ மனசு இப்படியா கல்லா இருக்கும்?" என்றார்கள். அப்பா மட்டும் ஒருநாள் டிரிப் முடித்துச் சீருடையோடு வந்து, "கிளம்பும்மா. காய்ச்சல்னா டாக்டர்கிட்ட போகமாட்டோமா?" என்று அழைத்துப்போனார்.

மாத்திரையும் டாக்டரிடம் வாரந்தோறும் பேசிய பேச்சும் தூக்கத்தைத் திருப்பித் தந்தன. பசி வந்தது. குழந்தைமேல் மட்டும் எதுவும் வரவில்லை. யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பிள்ளை போலிருந்தது.

"சரியாயிடுச்சுன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் டாக்டர் இப்படி?"

"நோய் முதல்ல போகும். நெருக்கம் பின்னாடி மெதுவா வரும். தினமும் கொஞ்ச நேரம் தூக்கி வெச்சுக்குங்க."

அப்பா அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். மாலையில் குழந்தையை அவள் மடியில் விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார். சிணுங்கினால் போதும், ஓடிவந்து வாங்கிக்கொள்வார். "டிரைவர் வந்தாச்சு, வண்டி எடுக்கலாமா?" என்பார். அழுகை நின்றுவிடும். அவளுக்கு அப்பாடா என்றிருக்கும். கூடவே எங்கோ சுருக்கென்றும் இருக்கும்.

இனி யார் ஓடிவருவார்கள்? காலையிலிருந்து அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். அப்பாவுக்காக அழக்கூட அது விடவில்லை. இன்று மாத்திரை போட்டோமா என்பதும் நினைவில்லை. பழையபடி ஆகிவிட்டால்?

"குடுங்க அண்ணி. அப்பாவைக் காட்டணும்."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தயங்கித்தான் கொடுத்தாள்.

கூடத்தில் அம்மா விலகி இடம்விட்டாள். தாத்தாவைக் கண்டதும் குழந்தை துள்ளியது. இரண்டு கைகளையும் நீட்டி அவர் பக்கம் பாய்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. சற்றுக் காத்திருந்து பார்த்துவிட்டு, உதடு பிதுங்கி, வீறிட்டது. உடம்பை விறைத்துக்கொண்டு அவளை உதைத்தது.

"சொன்னேன்ல? இப்படிக் கொண்டா." அண்ணி கைநீட்டினாள்.

அவள் கைகள் தாமாகவே பாதி நீண்டுவிட்டன. பிறகு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. எங்கிட்டயே அழட்டும்."

"உங்கிட்ட நிக்காதுடி."

"நிக்காட்டி பரவால்ல. இவளுக்கும் அவர்தானே வேணும்."

அப்பாவை ஏற்றிய வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். குழந்தை இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தது. வலது கை மரத்துப்போக, அவள் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு தெருவோரமாக நடக்கத் தொடங்கினாள்.