உரைகல்லில் அமெரிக்கக் காசு

1

இந்தக் கதை ஒரு காலிக் குழியிலிருந்து பிறந்தது. கல்கத்தாவில் ஒரு பழைய நாணயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு பெட்டியில், சிவப்பு வெல்வெட்டில் குழி குழியாக வெட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தங்கக் காசுகளைப் பதித்திருந்தார்கள். ஒரு குழியில் மட்டும் ஒன்றுமில்லை. யாரோ ஒரு தமிழர் சேர்த்த பெட்டி என்றார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

"1907ஆம் ஆண்டு. ஹூக்ளியின் மேல் மூடுபனி—"

(வேண்டாம். கல்கத்தா என்றதும் ஆளாளுக்கு இந்த மூடுபனியைப் போட்டுவிடுகிறார்கள்.)

"வைத்தீஸ்வரன் நல்லவன்—"

(அதை நீங்கள் சொல்ல வேண்டும், நான் அல்ல.)

சரி, நேராகவே வருகிறேன். வைத்தீஸ்வரன் பவானிப்பூரில் குடியிருந்த தஞ்சாவூர்க்காரன். ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க். அமெரிக்கக் கப்பல்காரர்கள் மாற்றிவிட்டுப் போகும் தங்கக் காசுகளை படாபஜார் வியாபாரிகள் உருக்குவதற்கு முன்னால் இவனிடம் காட்டுவார்கள். காசின் பின்புறத்துக் கழுகுக்குக் கீழே, எந்த ஊரில் அடித்தது என்பதற்குப் பொடியாக ஓர் எழுத்து இருக்கும். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பான். அங்கே சார்லட் என்ற ஊரின் நாணயசாலையை உள்நாட்டுப் போரோடு மூடிவிட்டார்கள்; அதன் காசு கிடைப்பது அபூர்வம். அந்த ஊர்க் காசு ஒன்றுக்காக மனைவி காமுவின் கடைசி வளையல்களும் போயின. அட்டிகை அதற்கு முன்பே போய்விட்டது.

வாங்கிய பிறகு எடை போட்டான். போலி. செம்பின் மேல் தங்க முலாம். யாரிடமும் மூச்சு விடவில்லை. காசு பார்ப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் பெட்டியில் ஒரு குழியில் பதித்து வைத்தான்.

3

கைக்குழந்தைக்கு உடம்பு தேறவில்லை. குடித்த பாலைக் கக்கியது. காமு தினமும் உரைமருந்து கொடுத்தாள்.*

* (அடிக்குறிப்பாகக் கீழே தள்ளினால் படிக்கமாட்டீர்கள், அதனால் இங்கேயே. வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய் எல்லாவற்றையும் தாய்ப்பால் விட்டுக் கல்லில் உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். கூடவே தங்கத்தையும் ஓர் இழை இழைப்பார்கள்.)

"ஏன்னா, ஒரே ஒரு காசு குடுங்கோ. என்கிட்டதான் பொட்டுத் தங்கம் இல்லையே. தாலியைக் கழட்டியா உரைக்கறது?"

"உரைச்சா முகம் தேஞ்சுடும், காமு. அப்பறம் ஒரு பய சீந்த மாட்டான்."

"கொழந்தையே தேஞ்சுண்டு வரானே!"

பெட்டியைத் திறந்தான். விரல் ஒவ்வொரு காசாகத் தொட்டுக்கொண்டு போயிற்று. (இங்கே அவன் நல்ல காசை எடுப்பதாக ஒரு முறை எழுதிப் பார்த்தேன். எனக்கே பொய்யாகப் பட்டது. ஆசையாகச் சேர்க்கிறவன் கை அப்படிப் போகாது.) போலியை எடுத்துக் கொடுத்தான். முலாமும் தங்கம்தானே என்று சமாதானம் செய்துகொண்டான்.

4

கொஞ்ச நாளில் முலாம் தேய்ந்தது.

"இதென்னன்னா, உள்ள செக்கச்செவேல்னு இருக்கு?"

"அமெரிக்காத் தங்கம் அப்படித்தான். செம்பு கலந்துதான் அடிப்பா."

அந்த நாட்டுக் காசுகளில் கொஞ்சம் செம்பு கலப்பது வாஸ்தவம்தான். இந்தக் கதையில் எனக்குக் குமட்டுகிற இடம் இதுதான். உள்ளதைச் சொல்லியே அவளை ஏமாற்றுகிறான். அவள் நம்பிக்கையோடு இன்னும் அழுத்தி உரைத்தாள்.

குழந்தை போய்விட்டது. (இதற்கு ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். தாங்கவில்லை.)

"லிவர் வீங்கிடுச்சு பாபு. இந்த ஊர்ல எத்தனையோ குழந்தைங்களுக்கு வருது" என்று வங்காளி டாக்டர் ஆறுதல் சொன்னார். செம்பினாலா? எனக்குத் தெரியாது. வைத்தீஸ்வரனுக்கும் தெரியாது. தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டேதான் அவன் ஆபீஸ் போய் வந்தான்.

5

முடிவு ஒன்று: அவன் பெட்டியைத் தூக்கிக் கங்கையில் வீசுகிறான். (வீசமாட்டான். அவனை எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: காமுவுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. அவள் உடனே சமையலறைக்குப் போய்—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.)

மூன்றாவதற்கு முடிவே கிடையாது. அடுத்த வருஷம் காமு நிறைமாதக்காரி. உரைகல்லைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து அந்தக் காசைக் காட்டுகிறாள்.

"பத்திரமா வச்சிருக்கேன். வேற காசு கேட்டு உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன், பொறக்கப்போற கொழந்தைக்கும் இதுவே போறும். ஆசையாச் சேத்ததை மனசு வந்து குடுத்தேளே, அதுவே பெரிசு."

வைத்தீஸ்வரன் வாயைத் திறக்கிறான்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அவனைப் பேச வைத்தால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். பேசாமல் விட்டால் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவீர்கள். அவன் இன்னும் திறந்த வாயோடு நிற்கிறான். என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே அவனுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்; காமுவுக்கு வலி கண்டுவிட்டது.