ஒப்பந்தம் நடந்த நாளில் பிறந்தவள்

ஒரு வாரமாக அம்மாவுக்கு ஒரே ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"வைகாசி நடுவில," என்றேன், அரிசி களைந்தபடி. "ஆடி எண்டு வாய்தவறியும் சொல்லக்கூடாது."

"அப்ப அந்த ரெண்டு மாசத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றாள் அம்மா. "வயித்தில சுமந்தவளுக்குத் தெரியாதோ."

கிருஷ்ணகிரிப் பக்கத்து அகதி முகாமிலிருந்து இதற்காகவே ஸ்ரீராம்புரத்தில் என் வீட்டுக்கு அவளை வரவழைத்திருந்தேன். போர் தொடங்கியதும் அவளும் அப்பாவும் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். நான் மண்டபம் முகாமில் பிறந்தேன். எந்த எல்லையையும் தாண்டியதில்லை. ஆனாலும் சட்டத்தின் கணக்கில் நான் அனுமதியில்லாமல் வந்த அந்நியர். 1987 ஜூலை முதல் தேதிக்கு முன்பு இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியர்கள். நான் அதே ஜூலை இருபத்தொன்பதில் பிறந்தேன், இந்தியாவும் இலங்கையும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்று. அம்மா தேதி சொல்ல மாட்டாள். "ஒப்பந்தம் நடந்த அண்டைக்குப் பிறந்தவள்" என்பாள். வருடாவருடம் அந்த நாளில் என் நாக்கில் ஒரு சிட்டிகை சீனி வைப்பாள்.

என்னோடு முடிந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் கணவர் கிஷோர் இந்தத் தெருவிலேயே வளர்ந்தவர், இந்தியர். ஆனால் தாய் அந்நியர் என்பதால் எங்கள் மகள் தீபிகாவும் இந்தியர் இல்லை. நர்சிங் கல்லூரியில் குடியுரிமைச் சான்று கேட்டு அவள் இடத்தை மாதக் கடைசி வரை நிறுத்திவைத்திருந்தார்கள். நான் இந்தியர் என்று ஆனால் அவளும் ஆவாள்.

"பாகிஸ்தான்ல இருந்து வந்த இந்துவா இருந்தா அதுக்கு வேற ரூல் இருக்கு," என்றார் வக்கீல் ரெமிஜியஸ். "இலங்கைக்கு இல்ல. ஏன்னு என்னைக் கேக்காதீங்க, நான் பார்லிமென்ட்ல இல்ல. உங்க ஸ்கூல் சர்டிபிகேட்ல ஜூன் ஒண்ணு இருக்கே, அதைப் பிடிச்சுக்கலாம்."

"கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஹெட்மாஸ்டர் ஜூன் ஒண்ணுதான் போட்டார் சார்."

"அது அவங்களுக்கும் தெரியும். அதான் அம்மாவை நேர்ல கூப்பிடுறாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எதுவும் சொல்லித்தரலை. வயசானவங்க மாசத்தை மறப்பாங்க. அவ்வளவுதான்."

அம்மா எதையும் மறப்பவள் இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

குடியுரிமை விசாரணை அறையில் இருந்த அதிகாரியின் பெயர் சுப்ரியா. என்னைவிட இளையவர். கடுமையான ஒருவரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் எழுந்து அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பயப்படாதீங்கம்மா. மகள் எப்போ பொறந்தாங்க?"

"வைகாசி நடுவில. எண்பத்தேழாம் ஆண்டு," என்றாள் அம்மா, பாடம் ஒப்பிக்கும் குரலில். மடியில் அவள் கைகள் ஒன்றையொன்று பிடித்திருந்தன.

அதிகாரி எழுதினார். அந்தப் பேனா ஓடும் சத்தத்தில் எனக்குள் ஏதோ இளகியது. வெட்கமும் வந்தது. இத்தனை வருடம் அழுதும் கெஞ்சியும் கிடைக்காதது, அம்மாவை ஒரு வரி பொய் சொல்லவைத்ததும் வந்துவிடுமா என்று நினைத்தேன். டீ வந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சக்கரை கம்மியாம்மா?" என்று அதிகாரி சிரித்தார். பிறகு, பேச்சோடு பேச்சாக, "முகாம்ல பிரசவம்னா கஷ்டமா இருந்திருக்குமே. கூட யாரு இருந்தா?"

அவர் வலை விரிக்கவில்லை. இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். அம்மாவிடம் இதை இதுவரை எந்த அலுவலகத்திலும் யாரும் கேட்டதில்லை. அவள் முகம் மலர்ந்தது.

"ஆரு இல்லை எண்டு கேளுங்கோ பிள்ளை. முகாமே வாசலில நிண்டது. ரேடியோவில சொல்லிப்போட்டான், சண்டை முடிஞ்சுது எண்டு. சனம் பாயைச் சுருட்டுது, ஊருக்குப் போறம் எண்டு கத்துது. ஆரோ ஒரு கை சீனி கொண்டுவந்து இவளின்ர வாயில..."

என் கால் அவள் காலைத் தேடியது. கண்டுபிடித்தும் அழுத்தவில்லை. நிறுத்து என்று உள்ளே ஒருத்தி கதறினாள். கடைசி வரைக்கும் சொல்லட்டும் என்று இன்னொருத்தி காத்திருந்தாள். நான் பிறந்ததை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல இவளைவிட்டால் உலகத்தில் யாருமில்லை.

பேனா நின்றது.

"சண்டை முடிஞ்சதுன்னா, அந்தச் சமாதான ஒப்பந்தம் நாளாம்மா?" அதிகாரியின் குரல் மென்மையாகவே இருந்தது. "அது ஜூலைக் கடைசி இல்ல?"

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மலர்ந்த முகம் அப்படியே நின்றது, உள்ளிருந்த ஆள் மட்டும் போய்விட்டாள். என் முகத்திலிருந்து தீபிகாவைப் படித்தாளோ என்னவோ, டீக் கிளாசை மேசையில் வைத்தாள்.

"அது இவள் இல்லை," என்றாள்.

"அப்போ?"

"பக்கத்துக் கொட்டில்காரியின்ர பிள்ளை. நான்தான் முதல் தூக்கினனான். இவள் அப்பவே பிறந்து ரெண்டு மாசம். என்ர மடியில கிடந்தவள்."

"இப்போ அவங்க வாயில சீனின்னு சொன்னீங்களே?"

"அந்தப் பிள்ளையின்ர வாயிலதான். வயசு போச்சு பிள்ளை, எல்லாம் கலந்துபோகுது."

அதிகாரி அவளைப் பார்த்தார். பிறகு என்னை. நான் தரையைப் பார்த்தேன். "சொன்னதை எல்லாம் எழுதிக்கறேன். ரெண்டையும்," என்றார். "முடிவு பண்றது மேல இருக்கறவங்க."

"மாசக் கடைசிக்குள்ள வருமா மேடம்?"

"கேக்கறேன்," என்றார். எதைக் கேட்பார் என்று சொல்லவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அம்மா என் கையைப் பிடிக்காமல் தள்ளி நின்றாள். சாலையைக் கடக்கப் பயப்படுகிறவள், எப்போதும் பிடிப்பாள். போன் அடித்தது. தீபிகா.

"அம்மா, முடிஞ்சுதா? அம்மம்மா என்ன சொன்னாங்க?"

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நான் சரியாத்தான் சொன்னனான் குஞ்சு," என்றாள். "உன்ர அம்மா வைகாசியில பிறந்தவள்."

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெகுதூரம் வரை வெளியே பார்த்தபடி வந்தாள். மல்லேஸ்வரம் தாண்டிய பிறகுதான் திரும்பினாள்.

"அந்தப் பிள்ளை," என்றாள், "கொட்டில்காரியின்ர. அதுக்குப் பேர் என்ன எண்டு கேட்டா என்ன சொல்லுறது?"