உறவினர் உண்டா?

முடிவெட்டும் தொழிலுக்குச் சான்றிதழ் கொடுக்கிற அந்த நிறுவனத்தில் பெரியவளைப் போலக் கறாரான தேர்வாளர் கிடையாது. பின்கழுத்தில் ஒரு நூல் கோணினாலும் ஃபெயில்தான். அவள் தங்கை நடத்திய பயிற்சிப் பள்ளிக்கும் அவளே தேர்வு வைத்தாள். பாவம், ஃபெயிலானவர்கள் அங்கேதான் அதிகம்.

ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால், அந்தப் பள்ளியில் உறவினர் உண்டா என்று நிறுவனம் கேட்கும். இல்லை என்று எழுதிக் கொடுப்பாள். அது பொய் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அப்பா இறந்தபோது தங்கை தாமதமாகத்தான் சேதி சொல்லி அனுப்பினாள். கைகால் ஓடவில்லை என்று அவள் சொன்ன சமாதானம் எடுபடவில்லை. எல்லாம் முடிந்தபின் வந்து சேர்ந்த பெரியவள், முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லையே என்று அன்றைக்கே அவளைத் தலைமுழுகிவிட்டாள். இதில் கூத்து, இரண்டு பேருக்கும் அச்சு அசலாக ஒரே மூக்கு. பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது நிறுவனத்துக்கு மட்டும் தெரியவில்லை.

யாரோ கண்காணிப்பு ஆணையத்திடம் போட்டுக் கொடுத்தார்கள். தேர்வாளரின் உறவை விசாரிக்காமல் சான்றிதழ் வழங்கியதற்கு நிறுவனத்துக்கு அபராதம், தங்கை பள்ளியின் சான்றிதழ்கள் எல்லாம் ரத்து என்கிற நிலைமை. நிறுவனத்தின் மேலாளர் ஒரு வழி சொன்னார். பல வருஷமாகத் தொடர்பே இல்லை என்று அக்காவும் தங்கையும் சொல்லிவிட்டால் எச்சரிக்கையோடு போய்விடும், பள்ளியும் தப்பும்.

விசாரணையில் பெரியவள் தயங்கவே இல்லை. "எங்களுக்குள்ள ஒட்டும் இல்லை, உறவும் இல்லைங்க" என்றாள்.

தங்கையின் முறை வந்தது.

"எங்க அக்காங்க. கூடப் பிறந்தவங்க."

பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்று அதிகாரி கேட்டார்.

"பேசலைன்னா அக்கா இல்லைன்னு ஆயிடுமா?"

அவ்வளவுதான். அபராதம் முழுசாக விழுந்தது. பெரியவளுக்கு வேலை போயிற்று, பள்ளியை மூடச் சொல்லிவிட்டார்கள். அங்கே படித்து வேலைக்குப் போயிருந்த பெண்களைக் கடைக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு பாவமும் அறியாதவர்கள் அவர்கள். வேறெங்காவது மறுபடி தேர்வு எழுதித்தான் கத்தரியைத் தொடவேண்டும்.

ஒரு பாட்டம் சண்டை போடுவதென்றே பெரியவள் பள்ளிக்குப் போனாள். தங்கை சுவரிலிருந்த பெரிய கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தையில எல்லார் பிழைப்பையும் கெடுத்துட்டியே. இல்லைன்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

தங்கை திரும்பவில்லை. ஒரு கை கண்ணாடியைத் தாங்கியிருந்தது.

"ரெண்டு பேருமே இல்லைன்னு சொல்லிட்டா, நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உனக்கு யாரு சொல்லி அனுப்புவா, அக்கா?"

கண்ணாடி சரியப் பார்த்தது. பெரியவள் ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே, அப்பாவுக்கு அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதாள்.