ஜவ்வரிசி குடிக்கும் ஊர்

அத்தாயிக்கு ஜவ்வரிசியில் இரண்டே வகைதான் தெரியும். நோன்பி, பண்டிகை நாளென்றால் பாயசம். காய்ச்சலோ வயிற்றுக் கோளாறோ என்றால் கஞ்சி. மூன்றாவதாக ஒன்று உண்டு என்று அவளிடம் சொல்ல இதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

இத்தனைக்கும் மலைமேல் வாழவந்தி நாட்டில் அவர்கள் காட்டில் போடுவதே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிதான். அது லாரியேறி மலையிறங்கி, சேந்தமங்கலம் தாண்டி மில்லுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. அப்புறம் அது எந்தத் தேசம் போகிறது என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை. தைவானில் மேல்படிப்புப் படிக்கும் மகள் அருணாவின் கையில் ஒருநாள் வீடியோ காலில் அதைப் பார்த்தாள்.

"என்ன கண்ணு அது, டம்ளருக்கு அடியில கறுப்பா உருண்ட உருண்டயா?"

"டீ தாம்மா. ஜவ்வரிசி போட்ட டீ. வெல்லப்பாகுல வேக வெச்சுப் போடுவாங்க. இங்க எல்லாரும் குடிக்கறதுதான்."

அருணா அந்த ஊரைப் பற்றி என்னென்னமோ சொல்லியிருக்கிறாள். குச்சியால் சோறு தின்கிறார்கள், காரமே இல்லாமல் கீரையை வேகவைக்கிறார்கள், சீரகம்கூடப் போடாத வெறும் வெந்நீரை மடக்கு மடக்காகக் குடிக்கிறார்கள். எல்லாவற்றையும் அத்தாயி பொறுத்துக்கொண்டாள். ஆனால் டீயில் ஜவ்வரிசி என்றதை மட்டும் அவள் நம்பவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, டீ என்று சொல்லி மறைக்கிறாள், அவ்வளவுதான்.

அடுத்த முறை பேசும்போதும் அதே டம்ளர். போதாக்குறைக்குப் பின்னால் நின்ற பெண்கள் கையிலும் அதே. அத்தாயி போனை வைத்துவிட்டு நேராகப் பக்கத்து வீட்டுப் பெருமாயியிடம் ஓடினாள்.

"அந்த ஊரே படுத்துக்கிச்சு பெருமாயி. ஆளாளுக்குக் கஞ்சி டம்ளரோட நிக்கறாங்க."

பெருமாயி காதில் விழுந்தது மலை முழுக்க விழுந்த மாதிரி. பொழுது சாய்வதற்குள் நலம் விசாரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். பெருமாயி கோயில் திருநீறு கொண்டுவந்து, போனில் இருந்த அருணாவின் போட்டோவுக்கு நெற்றி பார்த்துப் பூசினாள். அப்புறம் அந்தப் போனில் எதைத் தொட்டாலும் வேறெதுவோ திறந்தது.

"ஏனுங்க, புள்ளைய வரச் சொல்லிப்போடுங்க" என்றாள் அத்தாயி புருஷன் அர்த்தனாரியிடம்.

"இன்னும் ஒரு வருசந்தானே புள்ள."

"உசுரு இருந்தாத்தானுங்க படிப்பு."

இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவளிடம் பேசி ஜெயித்த அனுபவம் அர்த்தனாரிக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்லிவிடுவதாக ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிக்னல் கிடைக்கும் பலாமரத்தடியில் இருவரும் நின்றார்கள். அம்மாவின் சந்தேகம் பெருமாயி மூலம் அருணாவுக்கும் எட்டியிருந்தது. அவள் பேச்சுக் கொடுக்காமல் போனைத் தெருப்பக்கம் திருப்பினாள். டீக்கடை முன்னால் பெரிய வரிசை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிழவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள்.

"இத்தன பேருக்குமா காய்ச்சலு?" என்றாள் அத்தாயி பரிதாபமாக.

"அம்மா!"

"சரி, நாக்க நீட்டு."

அருணா நடுத்தெருவில் நாக்கை நீட்டினாள். கூட நின்ற அறைத்தோழி ஷின்யி, இது என்ன மரியாதையோ என்று நினைத்து, தானும் பணிவாகக் குனிந்து நாக்கை நீட்டினாள். இரண்டு நாக்கும் சுத்தமாக, செக்கச்செவேல் என்றுதான் இருந்தன. அத்தாயிக்குப் பாதி உயிர் வந்தது. மீதியையும் வாங்கிக்கொள்ள நினைத்தாள்.

"அங்க போனதுலருந்து ஒருநாளும் காய்ச்சல்ல படுக்கலன்னு எட்டுக்கை அம்மன் மேல சத்தியம் பண்ணு."

அருணா அம்மாவிடம் பொய் சொல்வாள், எட்டுக்கை அம்மனிடம் சொல்ல மாட்டாள்.

"போன மார்கழியில காய்ச்சலும்மா" என்றாள் மெதுவாக. "எந்திரிக்கவே முடியல. சொன்னா வரச் சொல்லிருவீங்கன்னு சொல்லல."

"ஆரு பாத்தா உன்னய?"

"ஷின்யிதான். உங்க ஊருல காய்ச்சலுக்கு என்ன குடுப்பாங்கன்னு கேட்டா. ஜவ்வரிசின்னு சொன்னேன். கொட்டற மழையில ஓடிப்போயி இந்த டீய வாங்கிட்டு வந்தா. அவளுக்குத் தெரிஞ்ச ஜவ்வரிசி இதுதானே. அதுவும் ஐஸ் போட்டு."

"காய்ச்சக்காரிக்கு ஐஸா!" அத்தாயி போட்ட சத்தத்தில் அர்த்தனாரி நாலடி தள்ளிப் போனார். "நீ குடிச்சியா?"

"நனஞ்சுக்கிட்டே எதிர்ல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தாம்மா. எப்படிக் குடிக்காம இருக்கறது? முழுசும் குடிச்சேன்."

அத்தாயிக்குக் கோபம் வந்தது, பயம் வந்தது, எல்லாம் போய்க் கடைசியில் அழுகை வந்தது. தன் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அர்த்தனாரி, சொல்லவேண்டியதைச் சொல்லித் தீர்த்துவிடலாம் என்று தொண்டையைக் கனைத்தார்.

"அருணா, நாங்க என்ன யோசிச்சோமுன்னா..."

"நீங்க செத்த சும்மா இருங்க" என்று அத்தாயி போனைத் தன் பக்கம் இழுத்தாள். "கண்ணு, அந்தப் புள்ளயக் கிட்ட வரச் சொல்லு."

ஷின்யியின் முகம் திரை முழுக்க வந்தது. எந்தப் பாஷையில் என்ன சொல்வதென்று அத்தாயிக்குத் தெரியவில்லை. போனைப் புருஷன் கையில் திணித்துவிட்டு, இரண்டு கையாலும் அந்த முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள்.

போனை வைத்ததும் அர்த்தனாரி கேட்டார்.

"வரச் சொல்லவே இல்லியே?"

"எதுக்குங்க? நமக்குப் பதிலா மழையில ஓடறதுக்கு அங்க ஒருத்தி இருக்கறா. படிச்சு முடிச்சுட்டே வரட்டும்."