சொம்பில் வெட்டிய பேர்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: டீத்தூள் பாக்கெட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து விழுந்த கூப்பன்தான் இந்தக் கதைக்குக் காரணம்.* கூப்பன் சேர்த்துக் குடும்பம் நடத்துவது பிரயோஜனமா என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். வெட்டி வேலை என்று முடிவுகூடத் தயார். பூவம்மாள் வந்து கெடுத்தாள்.

(*எங்கள் பக்கத்தில் கூப்பன் என்றால் ரேஷன். இது வேறு, சேர்த்துக் கொடுத்தால் எவர்சில்வர் சொம்பு தருவார்கள்.)

2

"1972. கவரைப்பேட்டையில் பனி விலகாத ஒரு காலை..." சீ, வேண்டாம். பனிக்கும் டீத்தூளுக்கும் என்ன சம்பந்தம்?

பூவம்மாள், சடையப்பனுக்கு இரண்டாம் தாரம். வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் செத்துப்போன மூத்தவள் பேர்தான் வெட்டியிருக்கிறது: குப்பம்மாள். சோறு வடிப்பது குப்பம்மாளில், தண்ணீர் குடிப்பதும் குப்பம்மாளில். தன் பேர் போட்ட சொம்பு ஒன்று வேண்டும் அவளுக்கு. அவ்வளவுதான் கதை.

3

டீ அவளுக்குப் பிடிக்காது. (இதை நான் எழுதவில்லை, அவளே சேர்க்கச் சொன்னாள்.) இருந்தும் குடித்தாள். பக்கத்து வீட்டு ரோசம்மாளிடமும் போய்க் கூப்பன் கேட்டாள்.

"இன்னாடி, ஒரு சொம்புக்கு இவ்ளோ பேஜாரா? கடையில வாங்கிக்கினா ஆவாதா?"

"அவரு எங்க வாங்கித் தர்றாருக்கா? ஊட்ல கீறதே போதும்றாரு. இது நானே சேத்தது. என் பேரு போட்டுக்குவேன்."

இந்த இடத்தில் என் கட்டுரை செத்தது. ஒழியட்டும்.

4

சடையப்பனை முதலில் கெட்டவனாக எழுதிக் கிழித்துப்போட்டேன். அவள் சேர்த்த கூப்பனைக் கொடுத்துச் சொம்பு வாங்கியவன், அவளைச் சந்தோஷப்படுத்தலாமென்று, பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரிடம் நேரே போனான்.

"சம்சாரம் பேரு இன்னா நைனா?"

"குப்பம்மாள்."

பழகிய வாய், சொல்லிவிட்டது. வெட்டி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஐயோ, பாவி மனுசா! வீட்டுக்கு வந்து சொம்பை நீட்டி, "உன் பேருதான்" என்றான்.

5

முடிவு ஒன்று: ரோசம்மாள் அதைப் படித்துவிட்டு... பூவம்மாளைப் போலவே அவளுக்கும் எழுத்துத் தெரியாது. முடிவு இரண்டு: சடையப்பன் அழுது... அவன் அழுகிற ஆளில்லை.

பூவம்மாள் சொம்பை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள். பழைய குடத்தில் இருக்கிற எழுத்து மாதிரியே இருக்கிறதே என்று அவளுக்கு ஒரு சந்தேகம். என்னைக் கேட்டுவிடப் போகிறாளே என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். உள்ளே இப்போது நீங்கள் மட்டும்தான். உங்களிடம் நீட்டுகிறாள்.

"நீங்க படிச்சவங்கதானே? இன்னா எழுதிக்கீது, சொல்லுங்க."